சப்பாத்தைக் கழற்றிக் காட்டுங்கள்!

காய்ச்சல் என்று வருகிறவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். வயிற்றுவலிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வருவார். கால் விரலில் சீழ் வைத்துக்கொண்டு வருகிற நம் தோழர் மட்டும் இருமல் தண்ணி கேட்பார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாசற்படி வரை போய், பிறகு திரும்பி, "டிரஸ்ஸர் ஐயா, கால்ல லேசா ஒண்ணு இருக்கு, அப்புறமா காட்டுறேன்" என்பார். அந்த அப்புறம் வருவதற்குள் பத்து நாள் ஓடிப்போயிருக்கும்.

இருபது வருஷமாகத் தோட்டத்து மருந்தகங்களில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தோட்டத்தில் மறைத்து வைக்கப்படும் நோவுகளில் முதல் இடம் கால் விரலுக்குத்தான். புருஷன் குடிப்பதைக்கூட வீட்டுக்காரம்மா வந்து சொல்லிவிடுவார். கால் விரலைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது சப்பாத்துக்குள் இருக்கிறது, வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது.

முன்பு நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம். செம்பனைக் குலை வெட்டுகிறவர். வயது நாற்பத்தெட்டு. நல்ல வேலைக்காரர், மண்டோரிடம் ஒரு சொல் வாங்காதவர். வலது கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் குத்திக்கொண்டிருந்தது. முகம் மழிக்கும் பிளேடை எடுத்து ஓரத்தைத் தானே தோண்டி எடுத்துவிட்டார். இரண்டு நாள் சுகமாக இருந்தது. பிறகு வீக்கம் கண்டது. துணியைச் சுற்றி, அதன்மேல் ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். "வலிக்கல, அதனால பெரிசா எடுத்துக்கல" என்று பிற்பாடு சொன்னார். வலிக்காததற்குக் காரணம் இனிப்புநீர். அது தனக்கு இருப்பது அன்றுவரை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பத்தொன்பதாம் நாள் வந்தார். சப்பாத்தைக் கழற்றியதும் அறை முழுக்க வாடை. பெருவிரல் கறுத்து, பக்கத்து விரலுக்கும் பரவியிருந்தது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம். உயிர் தப்பியது, இரண்டு விரல் போனது. பெருவிரல் இல்லாமல் உயரமான மரத்தில் குலை வெட்ட முடியாது. நிமிர்ந்து நின்று கம்பை இழுக்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவது அந்த விரல்தான். அவரைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள் அவர் தலைவலி மாத்திரைக்கு வந்திருந்தார். லேசாக நொண்டியதைப் பார்த்தேன். "என்னண்ணே, காலு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, கட்டை தட்டிடுச்சு" என்றார். வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விட்டுவிட்டேன். பின்னால் அவருடைய மனைவி என்னிடம் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சப்பாத்தக் கழட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" அன்று முதல் தலைவலிக்கு வந்தாலும் கழற்றச் சொல்கிறேன். சிலருக்கு எரிச்சல்தான். பரவாயில்லை.

பட்டணத்துக் கால் படாத பாடு நம் கால் படுகிறது. பால் வெட்டுகிறவர் விடியுமுன் பனிப்புல்லில் நடக்கிறார். செம்பனையில் பதினைந்து இருபது கிலோ குலை உயரத்திலிருந்து விழுகிறது. மட்டை முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. மழை மாதத்தில் காலையில் சப்பாத்துக்குள் புகுந்த தண்ணீர், வேலை முடியும்வரை உள்ளேயே கிடந்து விரலை ஊறவைக்கிறது. இப்படிப்பட்ட காலுக்கு என்னென்ன வரும், எதற்கு எப்போது வரவேண்டும் என்பதைத்தான் இந்தத் தடவை எழுதுகிறேன்.

முதலில் அந்த அண்ணனுக்கு வந்தது: நகம் சதைக்குள் வளர்வது. பெரும்பாலும் நாமே வரவழைத்துக்கொள்வது இது. நகத்தின் ஓரத்தைக் கைவிரல் நகம் போல வளைத்து, ஒட்ட வெட்டுகிறோம். வெட்டிய முனை கூர்மையாகி, வளரும்போது சதையைக் குத்துகிறது. மேலே இறுக்கமான சப்பாத்தும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. கால் நகத்தை நேராக வெட்டுங்கள், ரொம்பவும் ஒட்ட வேண்டாம். குளித்த பிறகு வெட்டினால் மெதுவாக இருக்கும். குத்த ஆரம்பித்த புதிதில், சீழ் இல்லாதபோது, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை பத்து பதினைந்து நிமிஷம் காலை வைத்து, ஈரம் துடைத்து, நக ஓரத்தின் அடியில் மெல்லிய பஞ்சுத் திரியைச் செருகலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். அவர்கள் நேரே வந்துவிட வேண்டும்.

சீழ் வந்துவிட்டால், அல்லது ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்ந்துவிட்டால், மாத்திரையால் மட்டும் தீராது. "ஆன்டிபயாட்டிக் குடுங்க, போதும்" என்று கேட்பவர்கள் உண்டு. முள் குத்தியபடியே இருக்கும்போது மருந்து என்ன செய்யும்? டாக்டர் விரலை மரக்கவைக்க ஊசி போட்டு, குத்துகிற ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி எடுப்பார். அந்த இடத்து வேருக்கு ஃபீனால் என்ற மருந்தை வைத்தால் அந்த ஓரம் திரும்ப வளர்வது குறைவு. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். முழு நகத்தையும் பிடுங்கி, வேரை விட்டுவிட்டால், நகம் வளரும்போது பல பேருக்குப் பழைய தொல்லையும் கூடவே வருகிறது.

நகச்சுத்து வேறு. நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து, வீங்கி, விண்விண் என்று தெறிக்கும். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். எலுமிச்சை கெடுதல் செய்கிறதோ இல்லையோ, அதை மாட்டிக்கொண்டு மூன்று நாள் காத்திருப்பது கெடுதல். ஆரம்பத்தில் வெந்நீர் ஒத்தடமே பல சமயம் போதும். உள்ளே சீழ் கட்டிவிட்டால் கிளினிக்கில் கீறி வெளியேற்ற வேண்டும். வீட்டில் ஊக்கால் குத்தாதீர்கள்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் பாட்டியும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டவர்தான், அதைப் பழித்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் திறந்த புண்ணில் அரைத்துப் பூசாதீர்கள், புண்ணின் நிலைமை எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சுண்ணாம்பு, புகையிலைச் சாறு, மண்ணெண்ணெய், பேட்டரித் தண்ணி என்று நான் கண்டவற்றைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பேட்டரித் தண்ணி ஆசிட், ஐயா! இரும்பைத் தின்பது சதையை விடுமா?

சேற்றுப்புண் தோட்டத்தில் நிறையப் பேருக்கு ஒரு தடவையாவது வந்திருக்கும். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்தான் அது குடியேறும். தோல் வெள்ளையாக ஊறி உரியும், அரிக்கும், நாறும். பெரும்பாலும் இது பூஞ்சைக் காளானால் வருவது. குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற களிம்புகளை நாளுக்கு இரண்டு வேளை, விரலிடுக்கை நன்றாகக் காயவைத்த பிறகு மெல்லியதாகப் பூச வேண்டும். அரிப்பு நின்றதும் நம் ஆட்கள் களிம்பையும் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மழைக்கு அது திரும்ப வந்துவிடுகிறது. தோல் சுத்தமான பிறகும் ஒன்றிரண்டு வாரம் விடாமல் போடுங்கள். கடையில் சொறிக்கு என்று விற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், ஆனால் காளானை வளர்த்துவிடும். மேலிருக்கும் சிவப்பு மறைந்து உள்ளே பரவும்.

மருந்தைவிட முக்கியம் ஈரம். வேலை முடிந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்க வேண்டும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாம் செய்வதில்லை. பருத்திக் காலுறையை மத்தியானம் ஒரு தரம் மாற்ற முடிந்தால் நல்லது. சப்பாத்தை அடுப்படி ஓரம் கவிழ்த்து வைக்கிறார்கள், அப்படிச் செய்தால் காற்று புகாது. சாய்த்து வைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணியுங்கள், அது ஈரத்தை இழுக்கும். காலையில் போடுமுன் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். பூரான் விழுந்ததையும் பார்த்திருக்கிறேன், பிள்ளை போட்ட கோலிக்குண்டு விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

"அரிப்புதானே" என்று விட்டுவிடக் கூடாததற்குக் காரணம் உண்டு. அந்த வெடிப்பு ஒரு திறந்த வாசல். அதன் வழியே வேறு கிருமி புகுந்து, கால் முழங்கால் வரை வீங்கிக் குளிர்காய்ச்சல் வருவதை வருஷத்துக்குச் சிலரிடமாவது பார்க்கிறேன். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையால் இரண்டு காலையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக, தோல் மினுமினுப்பாக இருந்தால் அன்றே வாருங்கள். உதிரிப் பழம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் அதன் மூத்திரம் கலந்த தண்ணீர் இருக்கும். எலிக்காய்ச்சல் கிருமியும் இந்த வெடிப்பு வழியாகவே உள்ளே போகிறது. காய்ச்சலோடு தலைவலியும் கெண்டைக்கால் வலியும் கண்டால், "நான் தோட்டத்துல வேலை செய்றேன், கால்ல புண் இருந்துச்சு" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மண்ணிலேயே வாழும் இன்னொரு கிருமியும் உண்டு. அது கொடுக்கும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். நூறு வருஷத்துக்கு முன்பு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஸ்டாண்டன், ஃபிளெட்சர் என்ற இரண்டு டாக்டர்கள் வைத்த பெயர் அது. அந்தக் கிருமி அதிகமாகப் பிடிப்பது இனிப்புநீர்க்காரர்களைத்தான். காலில் புண் உள்ளவர் வெறுங்காலோடு சேற்றில் இறங்கவே கூடாது.

நகமே மஞ்சளாகித் தடித்து உளுத்துப்போவது நகச்சொத்தை. இதில் அவசரம் இல்லை. ஆனால் பொறுமை வேண்டும். கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், முழு நகம் மாற ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். இரண்டு வாரம் களிம்பு போட்டுவிட்டு "மருந்து சரியில்ல" என்று என்னைக் குறை சொன்னால் நான் என்ன செய்வேன்? டெர்பினாஃபின் மாத்திரை பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் கொடுப்பார்கள். கல்லீரலைச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கிறவர்கள் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தடித்த நகமெல்லாம் காளான் என்றும் நினைக்க வேண்டாம். முப்பது வருஷம் குலையும் கட்டையும் தட்டிய நகம் அடியாலேயே தடித்துப்போகும். நகத் துண்டை லேபுக்கு அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடி என்றதும் கறுத்த நகம் நினைவுக்கு வருகிறது. குலை விழுந்தோ, லோரியின் பின்கதவு விழுந்தோ, நகத்தின் அடியில் ரத்தம் கட்டி, இரவெல்லாம் தூங்கவிடாது. அன்றோ மறுநாளோ வந்தால் நகத்தில் சிறு துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றலாம், வலி அந்த நிமிஷமே குறையும். நாலு நாள் கழித்து வந்தால் ரத்தம் உறைந்திருக்கும், துளை போட்டுப் பயனில்லை. விரல் கோணலாக இருந்தால், ஊன்ற முடியாவிட்டால், நகம் பிளந்து ரத்தம் வந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பு முறிந்திருக்கலாம்.

அடிபட்ட கறுப்பு, நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். நகராமல் அங்கேயே நிற்கிற கறுப்பு, அதுவும் அடிபட்ட ஞாபகமே இல்லாமல் வந்தது, வேறு சங்கதி. கறுத்த நிறத்துக்காரர்களுக்கு நகத்தில் மெல்லிய கோடு இருப்பது சகஜம், பல விரலில் இருக்கும், பயமில்லை. ஒரே விரலில் புதிதாகத் தோன்றி, அகலமாகிக்கொண்டே போய், பக்கத்துத் தோலுக்கும் பரவுகிற கோடு புற்றுநோயாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் உண்டு. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியைப் பிள்ளைகள் சட்டையில் படமாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அவர் 1981-ல் 36 வயதில் இறந்தார். கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய புற்றுநோய் அது, 1977-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் பந்து விளையாடிப் பட்ட அடி என்றே நினைத்திருந்தார்கள்.

மட்டை முள் ஏறினால் முழுதாக வந்துவிட்டதா என்று பாருங்கள். முனை உள்ளே ஒடிந்திருந்தால் மேலே ஆறிவிட்டு, பல நாள் கழித்து வீங்கும். மண் பட்ட காயத்துக்கு டெட்டனஸ் ஊசி கணக்கும் உண்டு. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள், போட்டதாகச் சொல்ல வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியில் தோலை அரிக்கும் ஆசிட் இருக்கிறது, இனிப்புநீர்க்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம். நடுராத்திரியில் பெருவிரல் மூட்டு திடீரென்று வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது கவுட் ஆக இருக்கலாம். முதல் தடவை வரும்போது டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பீரும் குடலும் ஈரலும் அதற்கு நண்பர்கள்.

இனி இனிப்புநீருக்கு வருகிறேன். இதற்குத்தான் இவ்வளவும். 2019-ல் நாடு முழுக்க எடுத்த தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர். ஒரு லயத்தில் பத்துப் பெரியவர்கள் என்றால் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தனக்கு இருப்பதே தெரியாதவர்களும் உண்டு.

இந்த வியாதி காலில் இரண்டு வேலை செய்கிறது. நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை எடுத்துவிடுகிறது. ரத்தக் குழாயைச் சுருக்கி, புண் ஆறுவதற்கு வேண்டிய ரத்தத்தைத் தடுக்கிறது. சிகரெட்டும் சேர்ந்தால் குழாய் இன்னும் சுருங்கும். ஆகவே, தோழர்களே, வலிக்கிற கால் விரலைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. வலி உங்களை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்துவிடும். நோகாமல் சீழ் வடிகிற விரலைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன். "வலியே இல்ல ஐயா" என்று நீங்கள் சந்தோஷமாகச் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இனிப்புநீர் உள்ளவர் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேல் பாதத்தைப் பிடிக்கலாம். கண் மங்கியவருக்கு வீட்டுக்காரம்மாவோ மகனோ பார்க்கட்டும். இதில் வெட்கம் என்ன? வெந்நீர் வைக்குமுன் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். வீட்டுக்குள்ளும் சிலிப்பர் போடுங்கள். தீமிதிக்கும் கோயில் பிரார்த்தனைக்கும் குறுக்கே நிற்பவன் அல்ல நான். ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் பூக்குழி இறங்குமுன் என்னிடம் ஒரு தரம் வந்து பேசுங்கள். சுட்டாலும் தெரியாத கால் அது.

எப்போது வர வேண்டும் என்று பெரட்டில் ஒரு தோழர் கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இனிப்புநீர் உள்ளவருக்குக் கால் விரலில் சிறு கீறலானாலும் அன்றைக்கே. விரல் கறுத்தாலோ, நீலம் பாரித்துச் சில்லிட்டாலோ, அது யாராக இருந்தாலும் அந்த மணி நேரமே, ராத்திரி என்றாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சூடும் வீக்கமும் மேலே ஏறினால், குளிர்காய்ச்சல் கூட வந்தால், சீழ் வைத்தால், நசுங்கிய விரல் மரத்துப்போனால் அன்றைக்கே. குத்துகிற நகம், இரண்டு வாரம் களிம்பு போட்டும் அடங்காத சேற்றுப்புண், இவற்றுக்கு அந்த வாரத்துக்குள் வந்தால் போதும். ஆணியும் தடித்த நகமும் ஓய்வு நாள்வரை காத்திருக்கலாம்.

ஏன் வருவதில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் போனால் குலைக் கணக்கு குறையும், மாதக் கடைசியில் அரிசிக்கும் பிள்ளை பள்ளி வேனுக்கும் இடிக்கும். "காலு விரலுக்கு எம்.சி.யா?" என்று பெரட்டில் நாலு பேர் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த ஒரு மண்டோரை எனக்குத் தெரியும், பிறகு அவரே நகச்சுத்தோடு வந்து மேசையில் காலைத் தூக்கி வைத்தார். ஆனால் உரிமை என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் இருப்பவருக்கு 18 நாளும், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுமுறை உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அது தனி. டாக்டர் சான்று வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சொல்லாமல் வீட்டில் படுத்தால் சான்று இருந்தும் சிக்கல்.

வேலையில் அடிபட்டதென்றால் சொக்சோ இருக்கிறது. 2019 முதல் நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் அது உண்டு. அடிபட்ட அன்றே மண்டோரிடம் சொல்லி, மருந்தகப் புத்தகத்தில் எழுதவையுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து நாலு நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கணக்கில் தற்காலிக ஊன உதவி கிடைக்கும். மூன்று வாரம் துணி சுற்றி மறைத்துவிட்டு, விரல் போன பிறகு "குலை விழுந்துச்சு" என்றால் யார் சாட்சி? நான் மேலே சொன்ன அண்ணனுடையது பிளேடால் வந்தது, அவர் அதை உண்மையாகவே சொன்னார். ஆனால் நிஜமாகவே குலை விழுந்து, புத்தகத்தில் ஒரு வரி இல்லாததால் அலைந்தவர்களையும் பார்த்துவிட்டேன்.

இவ்வளவும் தொழிலாளிக்குச் சொன்னது. நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு நான் இருந்த ஒரு தோட்டத்து ஸ்டோரில் ஏழு, எட்டு, ஒன்பது என்ற மூன்று அளவுச் சப்பாத்துத்தான் இருக்கும். உரம் போடும் பெண்கள், உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் எல்லோரும் அதே ஆண் அளவில் துணியைத் திணித்துக்கொண்டு நடப்பார்கள். கால் உள்ளே வழுக்கி, ஒவ்வோர் அடிக்கும் பெருவிரல் முன்னால் போய் இடிக்கும். கேட்டால், "எல்லாருக்கும் குடுத்தாச்சே" என்று கிராணி பட்டியலைக் காட்டுவார். பட்டியலில் எல்லாம் சரியாக இருக்கும், காலில்தான் சரியாக இருக்காது.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. அந்தச் சட்டப்படி கொடுக்கும் பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கவும் கூடாது. குலை வெட்டுகிறவருக்கு முன்பக்கம் இரும்பு வைத்த சப்பாத்து வேண்டும், பெண்களுக்குப் பெண் அளவு வேண்டும், மாற்றிப் போட இரண்டு ஜோடி வேண்டும். ஒரு ஜோடி இன்று காயும்போது மற்றது காலில் இருந்தால் சேற்றுப்புண் பாதி குறைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். ஒரு விரலை வெட்டி எடுத்து, ஒரு நல்ல வெட்டுக்காரரைக் கூட்டிப் பெருக்க அனுப்புவதைவிட இரண்டாவது ஜோடி மலிவு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்தத் துரைக்கும் விளங்கும். கிளைக் கமிட்டிகள் இதைச் சம்பளப் பேச்சு மாதிரியே மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

அதற்கு உதவியாக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. சாயங்காலத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காகிதத்தில் காலை ஊன்றி நின்று, சுற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு காலுக்கும் போடுங்கள், பல பேருக்கு ஒன்று மற்றதைவிடப் பெரிசு. பெயரையும் வேலையையும் எழுதி, ஒரு பிரதியைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள், ஒன்றைக் கோட்டோடு வெட்டி வீட்டில் வையுங்கள். ஸ்டோரில் புதுச் சப்பாத்து கொடுக்கும்போது அந்தக் காகிதக் காலை முதலில் உள்ளே விட்டுப் பாருங்கள். காகிதம் ஓரத்தில் மடங்கினால் உங்கள் விரலும் மடங்கும். கையெழுத்துப் போடாமல் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து சொல்லுங்கள்.